மருந்துச் சுழல்நிதி மூன்றே வருடத்தில் கரைவது ஏன்? பமாகோ முறை பற்றி ஒரு கணக்குக் கேள்வி

வடகரையான்:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில், மாலியின் சமூக சுகாதார நிலையங்களில் மருந்தை விற்று, வந்த பணத்தில் அடுத்த மருந்தை வாங்கும் முறை பற்றி ஒரு பயிற்சிக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் போட்டுப் பார்த்த மாதிரிக் கணக்கு இடிக்கிறது. மருந்துக் கொள்முதல் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்னணி சுருக்கமாக. 1980களில் கடன் சுமையில் சிக்கிய ஆப்பிரிக்க அரசுகளின் சுகாதார பட்ஜெட் சம்பளத்துக்கே சரியாகப் போனது. கட்டிடம் இருக்கும், நர்ஸ் இருப்பார், மாத்திரை இருக்காது. 1987 செப்டம்பரில் மாலியின் தலைநகர் பமாகோவில் கூடிய ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள், யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் முன்வைத்த யோசனையை ஏற்றார்கள். முதல் சரக்கை நன்கொடையாளர் இலவசமாகத் தருவார். நிலையம் வாங்கிய விலைக்கு மேல் வைத்து விற்கும். பணத்தை ஊர்க் கமிட்டி கையாளும். நம் மகளிர் குழுக்களில் சொல்லும் அதே சுழல்நிதிதான். பெனினில் இது அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. மாலியில் 1989இல் பமாகோவின் பங்கோனி பகுதியில் முதல் சமூக சுகாதார நிலையம் திறந்தது. அதை நடத்துவது ஊர் மக்களே உறுப்பினராக இருக்கும் சங்கம்.

என் மாதிரிக் கணக்கு இது. 8,000 பேருக்கு ஒரு நிலையம். இலவசமாக வந்த முதல் சரக்கு, கொள்முதல் விலையில் 20 லட்சம் பிராங்க் (மாலியின் நாணயம்). அது ஆறு மாதத் தேவை. ஆக வருடத்துக்கு இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மத்தியக் கிடங்கின் விலை 6 சதவீதம் ஏறுகிறது. வாங்கிய விலைக்கு மேல் நான் வைத்தது: வண்டிச் செலவு 8, விலையேற்றம் 6, ஏழைகளுக்கு இலவசம் 10, உடைசல் மற்றும் காலாவதி 5. மொத்தம் 29. அதாவது 100க்கு வாங்கியதை 129க்கு விற்கிறது.

மூன்றாம் வருடக் கடைசியில் வங்கியில் 5.5 லட்சம், அலமாரியில் இன்றைய விலைப்படி 6.5 லட்சத்துக்குச் சரக்கு, அதில் 90 ஆயிரத்துக்கு உள்ளது காலாவதி. ஊழியர் கடன் 1.2 லட்சம், கமிட்டி சுற்றுச்சுவருக்கு எடுத்தது 4 லட்சம். வரவு செலவுக் கணக்கில் ஒவ்வொரு வருடமும் லாபம் என்றே வருகிறது. அலமாரி மட்டும் காலி. எங்கே போயிற்று பணம்? என்ன விலை வைத்திருக்க வேண்டும்?

---

இருப்பேடு:

வணக்கம் வடகரையான். கணக்கைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் பதிலும் தெளிவாகச் சொல்ல முடியும். முதல் தவறு விலையில்.

உங்கள் 29க்குள் இரண்டு வகை கலந்திருக்கிறது. வண்டிச் செலவும் விலையேற்றமும் கையை விட்டுப் போகும் காசு. இலவசமாகக் கொடுப்பதும் கெட்டுப்போவதும் அப்படி இல்லை. அவை கைக்கு வராத காசு. முதல் வகையைக் கூட்டலாம், பெருக்கலாம். இரண்டாம் வகைக்கு வகுக்க வேண்டும். 100 மாத்திரை வாங்கினால் 85 மாத்திரைக்குத்தான் பணம் வருகிறது. அந்த 85தான் நூறின் முழுச் செலவையும் சுமக்க வேண்டும்.

இன்று 100 பிராங்க் விலையுள்ள சரக்கு அடுத்த சுற்றில் 106. அதன் மேல் வண்டிச் செலவு 8 சதவீதம்: 114.5. இதை 0.85ஆல் வகுத்தால் 134.7. ஆக விலை 135 ஆக இருக்க வேண்டும். நீங்கள் 129 வைத்தீர்கள். 85 சதவீதத்துக்குத்தான் காசு வருவதால் கைக்கு வந்தது 109.65. வேண்டியது 114.5. ஒவ்வொரு சுற்றிலும் 4.2 சதவீதம் முதலிலிருந்து போகிறது. ஆறு சுற்று முடிந்ததும் நிதியின் வாங்கும் சக்தியில் 77 சதவீதம்தான் மிச்சம். ஆறு பிராங்க் வித்தியாசம்தான், ஆனால் முதலுக்கே மோசம்.

இப்போது மொத்தத்தைப் பாருங்கள். ஆறு சுற்றிலும் 6 சதவீதம் ஏறியதால், 20 லட்சத்துக்கு வாங்கிய அதே சரக்கை இன்று வாங்க 28.4 லட்சம் வேண்டும். உங்களிடம் இருப்பது வங்கியில் 5.5, நல்ல சரக்கு 5.6, ஆக 11.1 லட்சம். பள்ளம் 17.3 லட்சம். இதில் விலைத் தவறால் போனது சுமார் 6.5 லட்சம். சுவர், ஊழியர் கடன், எழுதித் தள்ளாமல் அலமாரியிலேயே வைத்திருக்கும் காலாவதி மூன்றும் சேர்ந்து 6.1 லட்சம். மீதி 4.7 லட்சத்துக்குக் கணக்கே இல்லை. விலையை மட்டும் 135 ஆக்கியிருந்தாலும் இந்த நிலையம் தப்பியிருக்காது.

லாபம் என்று காட்டியது ஏன்? வரவு செலவுக் கணக்கு, விற்ற விலையில் பழைய கொள்முதல் விலையைக் கழிக்கிறது. சுழல்நிதிக்கு அந்தக் கணக்கு உதவாது. சுழல்நிதியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தொடங்கிய நாளில் இருந்த அதே சரக்கை இன்றைக்கு முழுசாக வாங்க முடியுமா? மாதக் கடைசியில் ஐந்து எண்களைக் கூட்டுங்கள். இன்றைய விலைப்பட்டியல்படி அலமாரியில் உள்ள நல்ல சரக்கு, பணம் கட்டி இன்னும் வராத சரக்கு, வங்கி இருப்பு, பெட்டியில் உள்ள ரொக்கம், நிச்சயமாகத் திரும்பும் கடன். இதுதான் நிதி மதிப்பு. இதை இன்றைய விலையில் ஆறு மாதத் தேவையோடு ஒப்பிடுங்கள். விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கும் மாதமே கமிட்டி கூடிப் பேச வேண்டும். மூன்றாம் வருடம் பேசிப் பயனில்லை.

விலையேற்றம் எப்போதும் 6 சதவீதமாகச் சொல்லிக்கொண்டு வராது. 1994 ஜனவரியில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் சி.எஃப்.ஏ. பிராங்க் ஒரே நாளில் பாதியாக மதிப்பிறக்கப்பட்டது. அதுவரை 50 பிராங்க் கொடுத்தால் ஒரு பிரெஞ்சு பிராங்க்; மறுநாள் 100. மருந்து பெரும்பாலும் இறக்குமதி. வங்கியில் பணமாக வைத்திருந்த நிலையத்துக்கு அந்தப் பணம் வாங்கக்கூடிய மருந்து பாதியாயிற்று. சரக்காக வைத்திருந்த நிலையத்துக்கு அப்படி இல்லை. ஆனால் அங்கும் ஒரு கண்ணி இருந்தது: பழைய விலைக்கே விற்றுத் தீர்த்தால் அதே நஷ்டம்தான். புதிய விலைப்பட்டியல் வந்த அன்றே பலகையை மாற்ற வேண்டும், பழைய சரக்குக்கும் சேர்த்து. ஊர் மக்களுக்கு இது அநியாயமாகப் படும். "பழைய விலைக்குத்தானே வாங்கினீர்கள்?" என்பது நியாயமான கேள்வி. ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்காட்டி, இது தீர்ந்தால் அடுத்த டப்பா என்ன விலை என்று கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும்.

---

பொடிமாத்திரை:

இருப்பேடு ஐயா சொன்ன அந்தக் கணக்கில்லாத 4.7 லட்சத்துக்கு வருகிறேன். அது ஒரே நாளில் போகாது. மாத்திரை மாத்திரையாகப் போகும். பிடிக்க ஒரே வழி மாதாந்திர எண்ணிக்கை.

பாராசிட்டமால் 500 மில்லிகிராமை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் மாத்திரை டப்பாவில் வருவது. மாதத் தொடக்கத்தில் 4,000 மாத்திரை. மாதத்தில் வந்தது ஐந்து டப்பா, 5,000. மாதக் கடைசியில் எண்ணினால் 3,200. ஆக வெளியே போனது 5,800. இலவசச் சீட்டுகளைக் கூட்டினால் 500. மீதி 5,300க்குப் பணம் வந்திருக்க வேண்டும். மாத்திரை ஐந்து பிராங்க் என்றால் 26,500. பணப் பேரேட்டில் பாராசிட்டமால் வரவு 24,000 என்றால் 500 மாத்திரை எங்கோ போயிருக்கிறது. ஐம்பது பேருக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்த கணக்கு.

இதற்குத் திருட்டு என்று எடுத்தவுடன் பெயர் வைக்காதீர்கள். பெரும்பாலும் மூன்று இடம்தான். ஒன்று, திறந்த டப்பாவைக் கண்மதிப்பாக "பாதி இருக்கிறது" என்று எழுதுவது. மாத்திரையைத் தட்டில் கொட்டி, கத்தி முனையால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். டப்பாவின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுத வேண்டும். இரண்டு, ராத்திரி வந்த நோயாளிக்கு நர்ஸ் கொடுத்தது, மறுநாள் ரசீதில் ஏறாமல் போவது. மூன்று, "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்று ஊழியரே எடுத்துப் போவது. வடகரையான் கணக்கில் இருக்கும் 1.2 லட்சம் எழுதிவைத்த கடன். எழுதாத கடன் தனி.

பணம் மிச்சமாக வந்தாலும் சந்தோஷப்படக்கூடாது. கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் பெரியவருக்கு வேளைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள், இருபது மாத்திரை. இருபதுக்கு ரசீது போட்டுப் பதினெட்டை மடித்துக் கொடுத்தால் பெட்டியில் பணம் மிச்சப்படும். நோயாளி ஏமாந்தார், நோய் அரைகுறையாகத் தீர்ந்தது. அதனால் விலையை மாத்திரைக்கு வைக்காமல் முழுச் சிகிச்சைக்கு வையுங்கள். "இருபது மாத்திரைப் பொட்டலம், இவ்வளவு" என்று பலகையில் எழுதினால் வாங்குபவரே எண்ணிப் பார்ப்பார். சில்லறைப் பிரச்சினையும் தீரும். 5, 10, 25 பிராங்க் காசுக்குள் அடங்கும்படி பொட்டல விலையை முழுமைப்படுத்தலாம்.

பணப்பெட்டிக்கு நம் ஊர்க் கோயில் உண்டியல் முறையே போதும். ஒரே பெட்டி, இரண்டு மூன்று பூட்டு, சாவிகள் வெவ்வேறு ஆட்களிடம். மருந்து கொடுப்பவரிடம் பணம் தங்கக்கூடாது. பணம் வாங்குபவர் மருந்தைத் தொடக்கூடாது. ஆள் பற்றாக்குறையால் இரண்டையும் ஒருவரே செய்யும் நிலையத்தில் ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகலை வாரம் ஒருமுறை பொருளாளர் கூட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். புத்தகங்களில் வரிசை எண் அச்சிட்டிருக்க வேண்டும். எண் விட்டுப்போனால் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்தது ஆர்டர் போடும் தவறு. இது திருட்டைவிட அதிகம் கெடுக்கும். கோட்ரைமாக்சசோலின் ஆறு மாதச் செலவு இப்படி என்று வையுங்கள்: 3,200, 2,900, 0, 0, 3,100, 2,800. கூட்டினால் 12,000. ஆறால் வகுத்து மாதச் சராசரி 2,000 என்று எழுதுவார்கள். நடுவில் இரண்டு மாதம் பூஜ்யமானதற்கு அலமாரி காலியாக இருந்ததுதான் காரணம், நோயாளி வராததல்ல. மருந்து இருந்த மாதம் நான்கு, சராசரி 3,000.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்டர், சரக்கு வந்துசேர இரண்டு மாதம், கைக்காவலாக ஒரு மாதம்: மொத்தம் ஆறு மாதத் தேவை கையிலும் வழியிலுமாக இருக்க வேண்டும். 3,000ஐ ஆறால் பெருக்கினால் 18,000. கையில் 5,000 இருந்து, வழியில் ஒன்றும் இல்லையென்றால் ஆர்டர் 13 டப்பா. தவறான சராசரியில் போட்டால் 7 டப்பா. அந்த ஏழு டப்பா மறுபடி நடுவில் தீரும். மறுபடி பூஜ்யம் விழும். அடுத்த சராசரி இன்னும் குறையும். இப்படித்தான் ஒரு மருந்து பட்டியலிலிருந்தே மெல்ல மறைகிறது. இருப்பு அட்டையில் தீர்ந்த தேதி, வந்த தேதி இரண்டையும் எழுதும் பழக்கம் இருந்தால் நாள் கணக்கிலேயே திருத்திக்கொள்ளலாம்.

---

வடகரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டியது புரிந்தது. இரண்டு சந்தேகம் பாக்கி.

ஒன்று, ஏழைகளுக்கு 10 சதவீதம் என்று நான் வைத்தது ஒரு ஊகம். உண்மையில் இந்த நிலையங்களில் இலவசம் யாருக்குப் போனது? இரண்டு, ஊழியருக்கு விற்பனையில் பங்கு கொடுத்தால் ஆர்வமாக நடத்துவார்கள் என்று ஒரு பரிந்துரை பார்த்தேன். சரியா?

---

கல்லிடை:

இரண்டாவது கேள்விக்கு மட்டும். விற்பனையில் பங்கு கொடுக்கவே கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுப்பவரே விற்பனையில் பங்கு வாங்கினால் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் ஏறும். நோயாளியின் செலவு கூடும், கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வளரும். ஊக்கத்தொகை கொடுத்தே ஆக வேண்டுமானால் தடுப்பூசி முழுசாகப் போட்ட குழந்தைகள், கர்ப்பிணிகளின் பரிசோதனை வருகை போன்றவற்றோடு கட்டுங்கள்.

கட்டணத்தின் வடிவமும் மருத்துவரின் பேனாவை மாற்றும். கிழக்கு நேபாளத்தில் இதைப் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சீட்டுக்கு ஒரே கட்டணம், அதில் எத்தனை மருந்து வேண்டுமானாலும் என்றிருந்த இடத்தில் சீட்டு நீண்டது. வந்ததுதான் வந்தோம், எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள் என்று நோயாளியும் கேட்பார். மருந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வைத்த இடத்தில் மருந்துகளின் எண்ணிக்கை குறைந்தது, எழுதும் தரமும் மேலாக இருந்தது. ஆனால் இதிலும் ஒரு பக்கம் அடிபடும். தனிக் கட்டணத்தில் பணம் போதாதவர் மூன்றில் இரண்டை மட்டும் வாங்குவார். அப்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்று மருந்து கொடுப்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

---

நாட்டுநலம்:

முதல் கேள்வி, வடகரையான். இந்த முறையின் பலவீனமான இடமே அதுதான்.

ஊர்க் கமிட்டிக்கு ஏழை யார் என்று தெரியும், அவர்களே முடிவு செய்வார்கள் என்பதுதான் 1987இல் இருந்த நம்பிக்கை. தெரியும் என்பது உண்மை. ஆனால் இலவசம் கொடுத்தால் குறைவது அதே கமிட்டி காக்க வேண்டிய நிதி. பெட்டியைக் காப்பவரிடமே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடு என்றால் கை வராது. புர்கினா பாசோவில் பல நிலையங்களின் வங்கிக் கணக்கில் பணம் தேங்கிக் கிடந்தபோதும் பரம ஏழைகளுக்கு விலக்கு கொடுக்கப்படவில்லை. இலவசம் நடந்த இடங்களிலும் அது பெரும்பாலும் ஊழியர், கமிட்டியார், அவர்கள் சொந்தபந்தம் பக்கமே சாய்ந்தது. ஆகவே 10 சதவீதம் என்ற ஒதுக்கீட்டை மட்டும் எழுதிவிட்டுப் போனால் பயிற்சிக் குறிப்பு பாதிதான். ஒவ்வொரு இலவசச் சீட்டிலும் காரணம் எழுத வேண்டும்; மாதக் கூட்டத்தில் ஊழியருக்கு எத்தனை, ஊராருக்கு எத்தனை என்று தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஊழியர் சலுகை வேறு, ஏழைக்கான விலக்கு வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதவே கூடாது.

இதைவிட நல்ல வழி, விலக்குக்கான பணத்தை வெளியிலிருந்து கொண்டுவருவது. கம்போடியாவில் 2000 முதல் நடந்த சமநிலை நிதிகள் இப்படி. ஏழை யார் என்று அடையாளம் காண்பதும் அவருக்கான கட்டணத்தை மருத்துவமனைக்குக் கட்டுவதும் மூன்றாம் தரப்பு. அதனால் ஏழை நோயாளி வந்தால் மருத்துவமனைக்கு வரவு, நஷ்டம் இல்லை. ஒரு சுழல்நிதியைக் கரைக்காமல் ஏழைக்கு மருந்து கொடுக்க நான் நம்பும் வழி இதுதான்.

பருவத்தையும் உங்கள் கணக்கில் சேருங்கள். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியில் மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. மலேரியா ஏறுவதும் அப்போதுதான், களஞ்சியம் காலியாக இருப்பதும் அப்போதுதான். அறுவடை முடிந்து கையில் காசு வரும்போது காய்ச்சல் குறைந்திருக்கும். வருடச் சராசரியில் கட்டக்கூடியதாகத் தெரியும் விலை ஆகஸ்டில் கட்ட முடியாத விலை. கினி-பிசாவுவில் அபோட்டா என்றொரு முறை இருந்தது; கிராமத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்து, நோய் வந்தபோது கிராமத்து மருந்துப் பெட்டியிலிருந்து கொடுத்தார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதை நினைத்துக்கொண்டால் நமக்குச் சட்டென்று புரியும். அறுவடைக் காலத்தில் பிரித்தால் மழைக்காலத்தில் கையேந்த வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டியவர்கள் வந்து நிற்கும்போது மருந்து இல்லையென்றால் அடுத்த வருடம் ஒருவரும் கட்டமாட்டார்கள். முன்பணம் வாங்கும் முறைக்கு இருப்பு இன்னும் கறாராக வேண்டும்.

கட்டணமே வேண்டாம் என்ற முடிவுக்கும் பல நாடுகள் வந்தன. உகாண்டா 2001 மார்ச்சில் அரசு நிலையங்களில் கட்டணத்தை எடுத்தது. நோயாளிகள் வரத்து உயர்ந்தது, ஏழைகள் அதிகம் வந்தார்கள். நைஜர் 2006இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாக்கியது. சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு. இந்த முடிவுகள் சரியானவை என்றே நினைக்கிறேன். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தாய் வாசலில் நின்று காசை எண்ணிப் பார்க்கும் நிலை இருக்கக்கூடாது. ஆனால் நைஜரில் நடந்ததையும் குறிப்பில் எழுதுங்கள். நிலையம் இலவசமாகக் கொடுத்ததற்கு அரசு பின்னால் பணம் தர வேண்டும். அது தாமதமாயிற்று, பாக்கி ஏறியது. சுழல்நிதியில் இருந்த மருந்து போயிற்று, பணம் வரவில்லை, அலமாரி காலி. இலவசம் என்று அறிவிக்கும் முன்பே மருந்து கிடங்குக்கு வந்திருக்க வேண்டும்.

நம் பக்கம் இதற்கு வேறு பாதை. தமிழ்நாட்டில் 1995 முதல் மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டரில் வாங்கிக் கிடங்குகளில் வைக்க, ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு ஒதுக்கி பாஸ்புக்கில் எழுதிய தொகைக்குள் எடுத்துக்கொள்கிறது. நோயாளி பணம் கட்டுவதில்லை. தமிழ்நாட்டில் பட்ஜெட் செய்யும் வேலையை மாலி முறையில் நோயாளியின் சட்டைப்பை செய்கிறது. ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: பொதுப்பெயரில், குறுகிய பட்டியலை, மொத்தமாக வாங்கினால்தான் விலை படியும்.

---

இருப்பேடு:

நாட்டுநலம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இது கணக்கைத் தலைகீழாக்கிய விஷயம். 2000களில் மலேரியாவுக்கு குளோரோகுயின் பயனிழந்து ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துக்கு மாறினார்கள். குளோரோகுயின் ஒரு பெரியவருக்கான முழுச் சிகிச்சை அமெரிக்கக் காசில் பத்து சென்ட் அளவில் இருந்தது. 2001இல் உலக சுகாதார நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தப்படி அந்தக் கூட்டு மருந்துகளில் ஒன்றான ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரினின் பெரியவருக்கான முழுச் சிகிச்சை 2.40 டாலர். எந்த ஊர்ச் சுழல்நிதியாலும் இதைத் தாங்க முடியாது. சர்வதேச நிதிகள் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நோயாளிக்கு நல்லது. ஆனால் நிலையத்தில் அதிகம் விற்ற மருந்து விற்பனையிலிருந்து வெளியேறியது. அதன் மேல் வைத்த லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த குளிர்பெட்டி மண்ணெண்ணெய், பதிவேடு, மோட்டார் சைக்கிள் செலவு எல்லாம் மீதி மருந்துகளின் தலையில் விழுந்தது. உங்கள் 29க்குள் இந்தச் செலவு எதுவும் இல்லை, கவனித்தீர்களா? அது இல்லாமல் 135. அதையும் மருந்து விலையிலேயே எடுப்பதானால் 135க்கு மேல் தனியாக, இன்ன செலவுக்கு இவ்வளவு என்று பெயர் சொல்லி வைக்க வேண்டும். நிதியிலிருந்து சுவர் கட்டுவது அந்தப் பெயர் சொல்லாத செலவில் சேர்ந்ததுதான்.

---

வடகரையான்:

நன்றி ஐயா. கடைசியாக ஒன்று. என் மாதிரி நிலையத்தில் இன்று 11.1 லட்சம்தான் இருக்கிறது. புதிதாக நன்கொடை வராது என்று வைத்துக்கொண்டால், கமிட்டி இப்போது என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் எழுதுவது?

---

பொடிமாத்திரை:

ஆறு மாதச் சுற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். இன்றைய விலையில் ஆறு மாதத்துக்கு 28.4 லட்சம் என்றால் மாதத்துக்கு 4.7 லட்சம். 11.1 லட்சம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் வரும். சரக்கு வர இரண்டு மாதம் ஆகும் முறையில் அது கட்டாயம் நடுவில் தீரும். மத்தியக் கிடங்குக்கு ஆர்டர் போடாமல் மாவட்டக் கிடங்கில் மாதாமாதம் எடுக்கட்டும். ஒரு மாத இடைவெளி, வந்துசேர அரை மாதம், கைக்காவல் அரை மாதம்: இரண்டு மாதத் தேவை, 9.5 லட்சம். கையில் இருப்பதற்குள் அடங்கும், ஒன்றரை லட்சம் மூச்சுவிட இடமும் இருக்கும்.

மாதாமாதம் போனால் வண்டிச் செலவு ஏறும் என்பார்கள். தடுப்பூசி மருந்தை எடுத்துவர நர்ஸ் எப்படியும் மாதம் ஒருமுறை மாவட்டத்துக்குப் போகிறார். அதே பயணத்தில் மருந்தும் வரட்டும். அப்போது வண்டிச் செலவு 8 சதவீதத்தைத் தாண்டாது. சுற்று இரண்டு மாதமானால் ஒரு சுற்றுக்கு விலையேற்றம் 6 இல்லை, சுமார் 2தான். இருப்பேடு ஐயாவின் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள்: 102, அதன் மேல் 8 சதவீதம், 110.2, 0.85ஆல் வகுத்தால் 129.6. விலையை 130 வைத்தால் போதும். சுற்று வேகமாக இருந்தால் அதே விலை தாங்கும்.

இது மாவட்டக் கிடங்கில் சரக்கு இருந்தால்தான் நடக்கும். அங்கேயே இல்லாத மாதத்துக்காகப் பட்டியலை முதலில் குறுக்க வேண்டும். உயிர்காக்கும் மருந்துகளை முதலில் எழுதி, அவற்றுக்கு மட்டும் கைக்காவலை ஒரு மாதமாக வையுங்கள்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குழந்தைகளுக்கான அமாக்சிசிலின், பென்சிலின் ஊசி, பிரசவ ரத்தப்போக்குக்கான ஆக்சிடோசின். ஆக்சிடோசின் தடுப்பூசியோடு குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், அலமாரியில் இல்லை. இருமல் சிரப், வைட்டமின் டானிக் போன்றவை நிதி தேறும்வரை பட்டியலுக்கு வெளியே.

காலாவதியான 90 ஆயிரத்தை அன்றே பதிவேட்டில் எழுதித் தள்ளி, தனிப் பெட்டியில் பூட்டி, மாவட்டத்துக்கு ஒப்படைக்க வேண்டும். ஊழியர் கடனை நான்கு சம்பளத்தில் பிடித்தால் மாதம் 30 ஆயிரம். சுவருக்கு எடுத்த 4 லட்சத்தைச் சங்கம் உறுப்பினர் சந்தாவிலிருந்து திருப்பிக் கட்ட ஒரு தேதி போட்டுத் தீர்மானமாக எழுதட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நாள் நிலையத்தில் விற்பனையை நிறுத்தி, ஒவ்வொரு டப்பாவையும் தட்டில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். கமிட்டித் தலைவர், பொருளாளர், நர்ஸ் மூவரும் பக்கத்தில் இருந்து அதே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். புதிய கணக்கு அந்தத் தாளிலிருந்து தொடங்கும்.